பதினாலாம் பெட்டியில் பட்டினி

கூடத்தின் பூச்சிப் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும், ஓய்வுபெற்ற என்னை ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். இந்த நாட்டு மொழியான டெனிஷை நான் படித்தது விண்ணப்பப் படிவங்களில். அந்த டெனிஷில் எனக்குப் பணிவாக மட்டுமே எழுத வரும், கோபப்பட வராது. என் மகள் மொழிபெயர்த்துத் தருவாள். நான் ஏசுகிற இடங்களில் மெருகு போட வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

வெப்பநிலை, ஈரப்பதம், தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. அவற்றை மறந்துபோய் யாரும் பெரிய தவறு செய்ததை நான் கண்டதில்லை. இந்தக் கூடத்தில் நடந்த பெரிய தவறுகள் எல்லாம் நல்ல மனதோடு செய்யப்பட்டவை. அந்தப் பட்டியலில் முதல் ஆள் நான்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, நாலு வருடம் மீன் தொழிற்சாலையில் நின்றேன். பிறகு ஓகூஸ் நகரத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி இருக்கும் இந்த வெப்பமண்டலக் கூடத்தில் தரை கழுவ வந்தேன். பூச்சிப் பகுதியில் ஒருவர் திடீரென வேலையை விட்டுப் போனபோது, கைக்கெட்டிய ஆளாக நான் நின்றேன். எங்கள் ஊரில் புலிமுகச் சிலந்தியைக் கண்டால் அடிப்பதற்கு முதலில் தும்புத்தடியைத்தான் தேடுவோம். அப்படிப்பட்டவன் கையில் கிராமோஸ்டோலாக்களைக் கொடுத்தார்கள். கூடவே படிப்புக்கும் அனுப்பினார்கள். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

கிராமோஸ்டோலா என்பது தென் அமெரிக்க டரன்டுலாக்களில் ஒரு பேரினம். பிரேசில், உருகுவே, ஆர்ஜென்டீனா, சிலி என்று அந்தப் பக்கத்து நாடுகளில் மண்ணில் பொந்து வைத்து வாழும். கையகலம் இருக்கும். கடிக்க அவசரப்படாது. உங்களைப் பிடிக்கவில்லை என்றால் பின்னங்காலால் வயிற்று மயிரைத் தட்டி உங்கள் பக்கம் விசிறும். பிறகு இரண்டு நாள் இருந்து சொறிவீர்கள். பெண் சிலந்தி இருபது வருடத்துக்கு மேலும் இருக்கும். எதையும் ஆறுதலாக, அவசரமில்லாமல்தான் செய்யும், பட்டினி கிடப்பது உட்பட. மாதக்கணக்கில், சிலவேளை ஒரு வருடத்துக்கு மேலாகவும், வாயில் ஒன்றும் வைக்காது. அதற்கு வேண்டாம், அவ்வளவுதான் காரணம்.

இதை ஒரு யாழ்ப்பாணத்து மனிதனுக்கு விளங்கவைப்பது லேசான காரியம் இல்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு ஒருவர் வந்தால், வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன்பு சாப்பிட்டாரா என்று கேட்போம். வேண்டாம் என்றால் இரண்டாம் தரம் கேட்போம். மூன்றாம் தரம் கேட்காமலே தட்டைக் கொண்டுவந்து வைப்போம்.

பூச்சிப் பகுதிக்கு வந்த முதல் வருடம். சிலி நாட்டு ரோஸ் நிறக் கிராமோஸ்டோலா ஒன்று நாலு மாதமாகச் சாப்பிடாமல் இருந்தது. வீட்டில் சோற்றுக்கு முன்னால் இருந்தபோது அதைச் சொன்னேன். மனைவி அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாலு மாசமோ? ஒண்டும் வாயில வைக்கேல்லையோ?”

“ஓம். அது அப்பிடித்தானாம்.”

“ஆர் சொன்னது அப்பிடித்தான் எண்டு? வாயில்லாச் சீவன் என்னண்டு கேக்கும்? நீங்கள்தான் பாத்துப் போடவேணும். பாவமப்பா.”

அவளைக் குற்றம் சொல்லவில்லை. அவள் சொன்னது என் மனதில் ஏற்கெனவே இருந்தது. அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து போகும்போது அந்தப் பெட்டிக்குள் ஆறு சுவர்க்கோழிகளை உயிரோடு விட்டேன். சனி ஞாயிறு எப்போதாவது மனம் மாறினால் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். பஸ்ஸில் போகும்போது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அந்தச் சிலந்தி தோல் கழற்றத் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் அது சாப்பிடவில்லை. பழைய தோலிலிருந்து வெளியே வரும்போது சிலந்தியின் உடம்பு அவித்த முட்டையைப் போல மென்மையாக இருக்கும். நச்சுப்பல்கூட வெள்ளையாக, வலுவில்லாமல் இருக்கும். ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது. அந்த நேரத்தில் அதன் பெட்டிக்குள் ஆறு சுவர்க்கோழிகள், அவையும் பசியோடு. திங்கட்கிழமை காலை நான் வந்து பார்த்தபோது இரண்டு கால்கள் இல்லை. வயிற்றில் ஓட்டை. மத்தியானம் வரை உயிரோடு இருந்தது.

அப்போது எங்களுக்குத் தலைவியாக இருந்தவர் ஓய்வை எட்டிக்கொண்டிருந்த ஒரு டெனிஷ் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். பெட்டியைப் பார்த்தார், சுவர்க்கோழிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அது பசியால் சாகவில்லை. உன்னால் செத்தது,” என்றார். “எழுது.”

பதிவேட்டில் இறப்புக்கான காரணம் என்ற இடத்தில் ‘பராமரிப்பாளரின் தவறு’ என்று என் கையாலேயே எழுதவைத்தார். கீழே ஒப்பம் போடச் சொன்னார். வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் பதிவேட்டை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு, “நாளைக்கு ஏழரைக்கு வா, எறும்புப் பகுதியில் கண்ணாடி மாற்ற வேண்டும்,” என்றார். அன்று வீட்டில் மனைவி, “சாப்பிட்டுதோ?” என்று கேட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

இனிப் பெரிய கதைக்கு வருகிறேன். இது நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய குளிர்காலத்தில் நடந்தது.

பதினாலாம் பெட்டியில் பிரேசில் நாட்டுக் கறுப்புக் கிராமோஸ்டோலா ஒன்று இருந்தது. விரல் நகம் அளவில் வந்தவளை நான்தான் வளர்த்தேன். நல்ல வெளிச்சத்தில் அவளுடைய மயிர் கரும்பட்டாகத் தெரியும். மற்றவர்கள் அவளைப் ‘பதினாலு’ என்பார்கள். நான் கறுப்பி என்பேன். வயது இருபதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் பெண் சிலந்தி தோல் கழற்றுவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். அவள் பதினாலு மாதமாகச் சாப்பிடவில்லை.

புதிய தலைவர் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் மகளைவிட இளையவர். உண்மையாகச் சொல்கிறேன், நல்ல மனிதர். மீன்தொட்டியில் ஒரு மீன் செத்தால் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிடுவார். பார்வையாளர் குறிப்பேட்டில் யாரோ ‘பதினாலில் இருக்கும் சிலந்தி அசைவதே இல்லை, அதைப் பட்டினி போடுகிறீர்களா?’ என்று எழுதியிருந்தார்கள். பிறகு இன்னொருவர். அதன் பிறகு அவருக்கு நித்திரை இல்லை.

“அவளுக்கு வயதாகிவிட்டது. அவள் வேதனைப்படுகிறாள். இதற்கு மேலும் வைத்திருப்பது கொடுமை,” என்றார். டெனிஷில் எல்லோருக்கும் ‘நீ’தான் என்பதால் எனக்கும் பதில் சொல்வது சுலபமாக இருந்தது.

“வயிற்றைப் பார். சுருங்கவில்லை. பசியில் கிடக்கிற சிலந்தியின் வயிறு வற்றிப்போகும். இவள் காத்திருக்கிறாள்.”

“எதற்காக? எவ்வளவு நாளைக்கு?”

“அது அவளுக்குத்தான் தெரியும்.”

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. பிப்ரவரியில் பள்ளிக்கூடங்களுக்கு வின்டர்ஃபெரி என்ற ஒருவார விடுமுறை வருமே, அந்த வாரத்து வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மிருக வைத்தியரை வரச் சொல்லிவிட்டார். கறுப்பியை நோவில்லாமல் சாகவைக்கும் ஊசி. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. அது முட்டாள்தனம். எனக்குத் தெரிந்ததை அந்த இரண்டு நாளில் சொல்லியிருக்கலாம்.

வியாழன் பின்னேரம் வேலை முடிக்கும்போது பார்த்தேன். கறுப்பி மண்ணின் மேல் நூல் விரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக வயிற்றை அசைத்து அசைத்து, ஒரு சின்னப் பாய் போல. தோல் கழற்றுவதற்கு முன்பு அவர்கள் தங்களுக்குப் படுக்கை போடுவது அப்படித்தான்.

வெள்ளி காலை ஏழரைக்கு வந்தேன். கறுப்பி அந்தப் பாயின் மேல் மல்லாந்து கிடந்தாள். எட்டுக் கால்களும் மேலே.

எனக்குப் பின்னாலேயே தலைவர் வந்தார். பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“முடிந்துவிட்டது. ஒருவிதத்தில் நல்லதுதான்,” என்றார். “பத்து மணிக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன்பு எடுத்துவிடுவோம்.” நீண்ட இடுக்கியைக் கையில் எடுத்தார். பெட்டியின் மூடியில் மற்றக் கையை வைத்தார்.

நான் அந்தக் கையின் மேல் என் கையை வைத்து அழுத்தினேன். முப்பது வருடத்தில் ஒரு மேலதிகாரியை நான் தொட்டுத் தடுத்தது அன்றைக்குத்தான்.

“செத்த சிலந்தி மல்லாந்து கிடக்காது. வயிறு மண்ணில் பட, கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு கிடக்கும். இவள் தோல் மாற்றுகிறாள். இப்போது தொட்டால் செத்துப்போவாள்.”

“ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையவில்லை என்றால்?”

“அசையமாட்டாள். இது பல மணி நேர வேலை.”

“நீ அவளை இருபது வருடம் வளர்த்தவன். உன்னால் இதை நேராகப் பார்க்க முடியாது,” என்றார், மிக மென்மையாக. கை இன்னும் மூடியிலேயே இருந்தது.

அறிவைச் சொல்லி அந்தக் கையை எடுக்க முடியாது என்று அப்போது விளங்கியது. அந்த மனிதருக்குள் ஓடிய இரக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த இரக்கம். நான் அலுமாரிக்குப் போய்ப் பழைய பதிவேட்டை எடுத்தேன். அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டியதில்லை, புதிதாக வந்த எவருக்கும் அதைப் பற்றிச் சொன்னதுமில்லை. இந்தப் பகுதியில் எல்லோரும் என்னைத் தவறே செய்யாதவன் என்று நினைத்திருந்தார்கள். நானும் அப்படியே நினைக்க விட்டிருந்தேன். பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் வாசித்தார். என் ஒப்பத்தைப் பார்த்தார்.

“இது நீயா?”

“நான்தான். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதனால் கொன்றேன்.”

அவர் இடுக்கியைச் சுவரில் மாட்டினார்.

ஆனால் பிரச்சினை முடியவில்லை. எங்கள் கூடத்தில் போவதற்கு ஒரே பாதைதான், உங்களுக்குத் தெரியும். பதினாலாம் பெட்டியைத் தாண்டாமல் வாசலுக்குப் போக முடியாது. கண்ணாடிக்குக் கறுப்புத் துணி போடுவோம் என்றார் தலைவர். நான் வேண்டாம் என்றேன். துணி போட்ட கண்ணாடியைத் தட்டிப் பார்க்காத பிள்ளையை நான் சந்தித்ததில்லை. தட்டினால் அதிர்வு உள்ளே போகும். அன்றைக்கு அவளுக்கு அதிர்வு ஆகாது.

“பிறகு என்ன செய்வது?”

“உண்மையைச் சொல்வோம். உட்காரவைப்போம்.”

“அவர்கள் முன்னால் செத்துப்போனால்?”

“அதையும் முதலிலேயே சொல்வோம்.”

என் கையால் ஒரு மட்டையில் எழுதினேன்: ‘இவள் தோல் மாற்றுகிறாள். மிகவும் வயதானவள். பிழைப்பாளா என்று எங்களுக்குத் தெரியாது. கண்ணாடியைத் தொடவேண்டாம். விரும்பினால் இருந்து பாருங்கள்.’ எழுத்துப்பிழைகளைத் தலைவர் திருத்தவில்லை. பத்து மணிக்குக் கதவு திறந்தது.

முதலில் வந்தவர்கள் வாசித்துவிட்டு நின்றார்கள்; இன்றைக்கு அவளுக்கு அதிர்வு ஆகாது என்று நான் வாயாலும் சொன்னேன். பிறகு ஒரு பிள்ளை தரையில் உட்கார்ந்தது. அதைப் பார்த்து இன்னொன்று. பதினொரு மணிக்குக் கறுப்பியின் முன்னுடம்பை மூடியிருந்த பழைய ஓடு பிளந்து திறந்தபோது நாற்பது பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். யாராவது புதிதாகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தால் பிள்ளைகளே விரலை வாயில் வைத்துக் காட்டினார்கள்.

அவர்களுக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தார். இஷொய் என்ற ஊரிலிருந்து தமக்கை வீட்டுக்கு வந்தவர், கூட ஏழு வயது மகன். வந்தவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அண்ணை, உது செத்துப்போச்சோ?”

“இல்லைத் தங்கச்சி. தோல் கழட்டுது.”

“எனக்குப் பாக்கவே கூசுது. டேய், வா போவம்.”

மகன் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் டெனிஷில், “நீ போ, நான் வரமாட்டேன்,” என்றான். தாய் சலித்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் குந்தினார். கையால் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கால் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கை இறங்கிவிட்டது. தான் பிரசவ வார்டில் வேலை செய்வதாகப் பிறகு சொன்னார்.

பன்னிரண்டரைக்குக் கால்கள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. பழைய கால்கள் உறைபோல நிற்க, உள்ளேயிருந்து வெளிர் நிறத்தில் புதிய கால்கள் நழுவின. ஒன்று, இரண்டு என்று பிள்ளைகள் உதட்டசைவில் எண்ணினார்கள். ஏழு வந்தது. எட்டாவது வரவில்லை. இடப்பக்கத்துப் பின்னங்கால், முட்டியில் சிக்கிக்கொண்டது.

கறுப்பி இழுத்தாள். நின்றாள். மீண்டும் இழுத்தாள். பிறகு அசையவில்லை.

கால் மணி நேரம். அரை மணி நேரம். தலைவர் என் காதோரம் வந்து, “நீ ஏதாவது செய்யமாட்டாயா?” என்றார். என் சட்டைப் பையில் ஈரமாக்கிய மெல்லிய தூரிகை இருந்தது. அது ஒரு வழி. அந்த இடத்தை நனைத்துவிடலாம். ஆனால் மூடியைத் திறக்க வேண்டும், கையை உள்ளே விட வேண்டும், கை நடுங்கினால் அவளுடைய புதிய உடம்பு கிழியும். அவளிடம் இன்னும் பலம் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. அவள் வயிற்றைப் பார்த்தேன். மிகச் சிறிதாக, ஒழுங்காக, துடித்துக்கொண்டிருந்தது.

எனக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை. அவளைக் காப்பாற்ற நான் துடித்த துடிப்பு எனக்குத்தான் தெரியும். ஆனாலும் தூரிகையைப் பையிலேயே விட்டேன்.

“தொடாதேங்கோ அண்ணை,” என்று மெல்லச் சொன்னார் அந்தத் தாய். “அவ களைச்சுப்போனா. களை ஆறட்டும். நாங்களும் வார்டில கையைக் கட்டிக்கொண்டு நிக்கிற நேரம் இருக்கு. அதுதான் பெரிய வேலை.”

“ஓம் தங்கச்சி,” என்றேன்.

இரண்டு மணி தாண்டியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. பிள்ளைகள் சாண்ட்விச்சைத் தாள் சரசரக்காமல் பிரித்துச் சாப்பிட்டார்கள். கறுப்பி ஒரு தரம் முழு உடம்பையும் இறுக்கினாள். சிக்கிய கால் அரை அங்குலம் வழுக்கியது. இன்னொரு தரம் இறுக்கினாள். கால் வெளியே வந்தது, கொஞ்சம் வளைந்து, ஆனால் முழுதாக. பழைய தோல் பக்கத்தில் காலியாகக் கிடந்தது. கறுப்பி இன்னும் மல்லாந்தபடியே கிடந்தாள்.

சரியாக மூன்று மணிக்கு வைத்தியர் பையோடு வந்தார். தரை முழுக்கப் பிள்ளைகள் இருப்பதைக் கண்டு வாசலில் நின்றார். மட்டையில் எழுதியிருந்ததை வாசித்தார். தலைவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் தரையில் சம்மணம் கட்டி உட்கார்ந்தார்.

மூன்றரைக்குக் கறுப்பி ஒரு காலை மடக்கினாள். பிறகு இன்னொன்று. ஒரு பக்கமாகச் சரிந்தாள். ஒரு கணம் விளிம்பில் நின்றாள். புரண்டாள். எட்டுக் கால்களையும் மண்ணில் ஊன்றி, புதுக் கறுப்பு மினுங்க, மெல்ல உடம்பைத் தூக்கி நின்றாள்.

யாரும் கத்தவில்லை. கைதட்டக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதிர்வு ஆகாது என்று காலையில் நான் சொன்னதை அவர்களாகவே கணக்கில் எடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த அந்த இஷொய்ப் பையன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, விரல்களை விரித்து, சத்தமில்லாத கைதட்டலாக ஆட்டினான். பக்கத்துப் பிள்ளை தூக்கியது. பிறகு எல்லோரும். நாற்பது, ஐம்பது சோடிக் கைகள் ஒரு சத்தமும் இல்லாமல் காற்றில் ஆடின. கூசுகிறது என்று சொன்ன தாயும் ஆட்டினார். வைத்தியரும் ஆட்டினார்.

தலைவர் கதவோரம் தனியாக நின்றார். ஊசிக்கு நாள் குறித்தவர் அவர். அவர் முகம் சிவந்து, நனைந்திருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே அவரும் மெதுவாக இரண்டு கைகளையும் உயர்த்தினார். அந்த நாளில் எல்லோரையும்விடக் கஷ்டமான காரியத்தைச் செய்தவர் அவர்தான்: செய்ய நினைத்ததைச் செய்யாமல் விட்டார். நானும் கைகளை உயர்த்தி, பிள்ளைகளுக்கும் கறுப்பிக்கும் அவருக்கும் சேர்த்து ஆட்டினேன்.